சென்னை – சிங்கப்பூர் விமானப் பயணம்: தொலைவு, பறக்கும் நேரம், கடிகாரக் கணக்கு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் விமான டிக்கெட் எடுத்துத் தரும் தொழிலில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறேன். எங்கள் மேசைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் சிங்கப்பூரில் மகனோ மகளோ இருப்பவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், அல்லது முதன்முறையாக ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்புகிறவர்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளுள் தொலைவையும் நேரத்தையும் பற்றியவற்றை மட்டும் இங்கே தொகுத்திருக்கிறேன். விசா, கட்டணம், லக்கேஜ் எடை ஆகியவை அடிக்கடி மாறுபவை என்பதால் அவற்றை விட்டுவிட்டேன்.

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே எவ்வளவு தொலைவு?

மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து சாங்கி விமான நிலையத்துக்கு நேர்வழித் தொலைவு ஏறத்தாழ 2,920 கிலோமீட்டர். இதையே சாதாரண மைலில் சொன்னால் சுமார் 1,815; விமானிகளும் மாலுமிகளும் பயன்படுத்தும் கடல் மைலில் சொன்னால் சுமார் 1,580. ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர்.

நேர்வழி என்று நான் சொல்வது, உருண்டையான பூமியின் மேற்பரப்பில் இரண்டு இடங்களையும் இணைக்கும் மிகக் குறுகிய கோட்டை. சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போகும் பாதையைத் தட்டையான வரைபடத்தில் பார்த்தால் அது வடக்கே பெரிய வில்லாக வளைந்து தெரிவதற்கும், வரைபடத்தில் அளவுகோல் வைத்து அளந்தால் கணக்கு தப்பாக வருவதற்கும் இதுதான் காரணம். சென்னை – சிங்கப்பூர் தடத்தில் அந்தச் சிக்கல் அநேகமாக இல்லை. இரண்டு ஊர்களும் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், வரைபடத்தில் இழுக்கும் நேர்கோட்டுக்கும் உருண்டையின் மேல் அளக்கும் கோட்டுக்கும் நான்கைந்து கிலோமீட்டர்தான் வித்தியாசம் வருகிறது.

ஓரிடத்தில் 2,900 என்றும் இன்னோரிடத்தில் 2,950 என்றும் போட்டிருக்கிறார்களே, எது சரி?

எங்கிருந்து எங்கே அளந்தார்கள் என்பதைப் பொறுத்து இரண்டுமே சரியாக இருக்கலாம். சிலர் விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு அளப்பார்கள். சிலர் நகரத்தின் நடுப்புள்ளியிலிருந்து அளப்பார்கள். தவிர, உண்மையில் பறக்கும் தூரம் நேர்வழியைவிடச் சில பத்து கிலோமீட்டர் எப்போதும் கூடுதலாகவே இருக்கும். விமானங்கள் வானில் குறிக்கப்பட்ட தடங்களில்தான் போகவேண்டும். ஓடுபாதை எந்தத் திசையில் பயன்பாட்டில் இருக்கிறதோ அந்தத் திசையில் ஏறி, பிறகு திரும்பவேண்டும்.

மீனம்பாக்கத்தின் முதன்மை ஓடுபாதை ஏறத்தாழ கிழக்கு மேற்காக அமைந்தது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் விமானம் காற்றை எதிர்த்துக் கிழக்கு நோக்கி ஏறும். அடையாறு ஆற்றைத் தாண்டிய சில நிமிடங்களில் கடல் வந்துவிடும். தென்மேற்குக் காற்று பலமாக இருக்கும் நாட்களில் மேற்கே ஏறி, ஒரு சுற்றுத் திரும்பி, மறுபடி நகரத்தைக் கடந்து கடலுக்கு வரவேண்டும். இதில் போவது சில நிமிடங்கள்தான்.

பறக்கும் நேரம் எவ்வளவு? டிக்கெட்டில் 4 மணி 15 நிமிடம் என்று இருக்கிறது. விமானி 3 மணி 40 நிமிடம் என்று அறிவிக்கிறாரே?

விமானி சொல்வது சக்கரங்கள் தரையை விட்டு எழுந்ததிலிருந்து மறுபடி தரையைத் தொடும்வரை ஆகும் நேரம். டிக்கெட்டில் இருப்பது, சென்னையில் விமானம் நின்ற இடத்திலிருந்து நகரத் தொடங்கிய கணத்திலிருந்து சாங்கியில் வாயிலருகே வந்து நிற்கும்வரை ஆகும் நேரம். இடையில் ஓடுபாதை வரை ஊர்ந்து போவதும், முன்னால் நிற்கும் விமானங்கள் கிளம்பும்வரை காத்திருப்பதும், இறங்கிய பிறகு மறுபடி ஊர்வதும் சேர்ந்து அரைமணிக்குக் கொஞ்சம் முன்பின்னாக ஆகிவிடும்.

கணக்கைப் போட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஏர்பஸ் 320, போயிங் 737 போன்ற ஒற்றை நடைபாதை விமானங்கள் உச்ச உயரத்தில் மணிக்கு ஏறத்தாழ 830 கிலோமீட்டர் வேகத்திலும், ஏர்பஸ் 350, போயிங் 787 போன்ற இரட்டை நடைபாதை விமானங்கள் 900 கிலோமீட்டருக்கு அருகிலும் செல்லும். 2,920 கிலோமீட்டரை முதல் வேகத்தால் வகுத்தால் மூன்றரை மணி நேரமும், இரண்டாவதால் வகுத்தால் மூன்றேகால் மணி நேரமும் வரும். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு என்பதாலும், தடம் சற்று நீளும் என்பதாலும் இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம் சேர்த்துக்கொள்ளவேண்டும். ஆக, நேரடி விமானத்தில் வானில் இருக்கும் நேரம் 3 மணி 30 நிமிடத்துக்கும் 4 மணி நேரத்துக்கும் இடைப்பட்டது. டிக்கெட் நேரம் 4 மணிக்கும் 4 மணி 30 நிமிடத்துக்கும் இடைப்பட்டது.

தாமதமாகக் கிளம்பிய விமானம் எப்படியோ நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவதைப் பலர் கவனித்திருப்பார்கள். விமானி பறந்த வேகத்தைப் பாராட்டுவதற்கு முன், விமான நிறுவனம் அட்டவணை போடும்போதே கொஞ்சம் தாராளமாக நேரம் வைத்துக்கொள்கிறது என்பதையும் நினைவில் வைக்கலாம்.

சிங்கப்பூரிலிருந்து இரவு 8.00 மணிக்குக் கிளம்பி 9.40-க்குச் சென்னையில் இறங்குவதாக டிக்கெட்டில் இருக்கிறது. வரும்போது ஒன்றே முக்கால் மணி நேரம்தானா?

இந்தக் கேள்வி மாதத்துக்கு ஒருமுறையாவது வந்துவிடும். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா, டிக்கெட்டின் இரண்டாம் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, "போறப்ப ஏழு மணி நேரம், வர்றப்ப ஒண்ணே முக்கால் மணி நேரம், போறப்ப எங்கேயோ நிறுத்திட்டுப் போவான் போலிருக்கே தம்பி?" என்று கேட்டார். போகும் டிக்கெட்டில் சென்னை 23.30, சிங்கப்பூர் 06.15 என்று இருந்தது. வெறுமனே கழித்தால் ஆறே முக்கால் மணி நேரம் வருகிறது; அவர் கணக்கில் பிழையே இல்லை.

டிக்கெட்டில் அச்சிட்டிருக்கும் புறப்பாட்டு நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படியும், சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படியும் இருக்கும். சிங்கப்பூர்க் கடிகாரம் நம் கடிகாரத்தைவிட 2 மணி 30 நிமிடம் முந்தி ஓடுகிறது. ஆகவே போகும்போது, கழித்து வந்த விடையிலிருந்து இன்னும் இரண்டரை மணி நேரத்தைக் குறைக்கவேண்டும்: 6.45 கழித்தல் 2.30, அதாவது 4 மணி 15 நிமிடம். வரும்போது இரண்டரையைக் கூட்டவேண்டும்: 1.40 கூட்டல் 2.30, அதாவது 4 மணி 10 நிமிடம். அந்த அம்மாவுக்கு நான் இதை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் காட்டினேன். அவர் தாளை மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு, "அப்ப பகல்ல தூங்கிடக் கூடாது, மக கிட்ட எந்த மணிக்குப் போன் பண்றதுன்னு இதைப் பார்த்துக்கறேன்" என்றார். பயணத்தைவிடத் தொலைபேசிக்குத்தான் அந்தக் கணக்கு அதிகம் பயன்படும் என்பது எனக்கு அதுவரை தோன்றவில்லை.

அந்த அரைமணி எதற்கு? ஏன் இரண்டு மணி நேரமோ மூன்று மணி நேரமோ இல்லை?

அரைமணி நம்முடையது. உலகப் பொது நேரத்திலிருந்து இந்தியா ஐந்தரை மணி நேரம் முந்தியது. சிங்கப்பூர் எட்டு மணி நேரம் முந்தியது. சிங்கப்பூருக்கும் ஒரு காலத்தில் அரைமணிக் கணக்கு இருந்தது. 1981 டிசம்பர் 31 வரை அங்கே ஏழரை மணி நேரமே வழக்கம். அப்போது நமக்கும் அவர்களுக்கும் சரியாக இரண்டு மணி நேரம்தான் வித்தியாசம். தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தைச் சபா, சரவாக் மாநிலங்களோடு பொருத்திக்கொள்ள அரைமணி நேரம் முன்னே தள்ளியபோது, சிங்கப்பூரும் கூடவே தள்ளிக்கொண்டது. 1982 புத்தாண்டு அங்கே அரைமணி நேரம் முன்னதாகவே பிறந்தது.

சூரியனை வைத்துப் பார்த்தால் இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறக்குறைய 1 மணி 35 நிமிட வித்தியாசம்தான் இருக்கவேண்டும். மிச்சம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவானது அரசாங்கக் கடிகாரம் சேர்த்தது. அதனால்தான் சிங்கப்பூரில் காலை ஏழு மணிவாக்கில்தான் சூரியன் எழுகிறது. விடியற்காலை விமானத்தில் 6.15-க்கு இறங்கும் நம்மூர்க்காரர், வெளியே இன்னும் இருட்டாக இருப்பதைப் பார்த்துவிட்டுத் தம் கைக்கடிகாரத்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

நள்ளிரவு விமானத்துக்கு எந்தத் தேதியில் விமான நிலையம் போகவேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வியைத்தான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படிக்கட்டும். 14-ஆம் தேதி 00.40 என்று டிக்கெட்டில் இருந்தால், அது 13-ஆம் தேதி இரவு பன்னிரண்டு மணி தாண்டி நாற்பதாவது நிமிடம். நீங்கள் 13-ஆம் தேதி இரவு ஒன்பதரை மணிக்கு விமான நிலையத்தில் இருக்கவேண்டும். நம் வழக்கில் விடியும்வரை முதல் நாள் இரவுதான்; விமான நிறுவனத்துக்கோ பன்னிரண்டு அடித்ததும் மறுநாள்.

சில ஆண்டுகளுக்கு முன் பட்டுக்கோட்டையிலிருந்து ஒரு குடும்பம், பேரக் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்காக ஐந்து டிக்கெட் எடுத்தது. சனிக்கிழமை 00.40. சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு, பலகாரப் பெட்டிகளோடு விமான நிலைய வாசலில் நின்றுகொண்டு எனக்குப் போன் செய்தார்கள். விமானம் முந்தைய இரவே போய்விட்டிருந்தது. ஐந்து பேரும் வராதவர்களாகப் பதிவாகிவிட்டதால் மீண்டும் முழுக்கட்டணம் கட்டித்தான் போனார்கள். தேதியை நான் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அது நடந்திருக்காது. அன்றிலிருந்து நள்ளிரவு டிக்கெட் எதுவானாலும் அச்சுப் பிரதியின் மேலே சிவப்பு மையில் 'வெள்ளி ராத்திரி கிளம்பணும்' என்பதுபோலக் கிளம்பவேண்டிய இரவைக் கையால் எழுதித்தான் கொடுக்கிறேன்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் '+1' என்று சிறிதாக அச்சிட்டிருந்தால், போய்ச் சேர்வது மறுநாள் என்று பொருள். அழைத்துப் போக வருகிறவரிடம் சேரும் தேதியைத்தான் சொல்லவேண்டும்.

விமானம் எந்தெந்த இடங்களின் மேல் போகிறது? ஜன்னலில் ஏதாவது தெரியுமா?

முதல் இரண்டு மணி நேரத்துக்கு வங்காள விரிகுடாவைத் தவிர வேறொன்றும் இல்லை. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு இழுக்கும் நேர்கோடு, இந்தியாவின் தென்கோடியான இந்திரா முனையை, அதாவது கிரேட் நிக்கோபார் தீவின் தெற்கு நுனியை, ஏறக்குறைய உரசிக்கொண்டு போகிறது. அடுத்து சுமத்ராவின் வடமுனையான ஆச்சே. பிறகு மலாக்கா நீரிணை. வலப்பக்கம் சுமத்ரா, இடப்பக்கம் மலேயாக் கரை. மேகம் இல்லாத பகல் வேளையில் நீரிணையில் வரிசையாகப் போகும் சரக்குக் கப்பல்கள் அரிசி சிந்தியதுபோலத் தெரியும். அன்றைய தடம் நேர்கோட்டுக்குச் சற்று வடக்கிலோ தெற்கிலோ அமையலாம் என்பதால், எந்தப் பக்கத்து ஜன்னலில் நிக்கோபார் தெரியும் என்று உறுதி சொல்லி டிக்கெட் விற்க மாட்டேன்.

இந்த வழிக்கு நம் கல்வெட்டுகளில் பழைய பெயர்கள் இருக்கின்றன. முதலாம் இராசேந்திர சோழன் 1025 வாக்கில் சுமத்ராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜயப் பேரரசின் மீது அனுப்பிய கடற்படை வென்ற இடங்களைத் தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள அவன் மெய்க்கீர்த்தி வரிசைப்படுத்துகிறது. அதில் வரும் மாநக்கவாரம் நிக்கோபார் தீவுகள். இலாமுரிதேசம் ஆச்சேயின் வடகரை. கடாரம் இன்றைய மலேசியாவின் கெடா. முதலிரண்டும் நம் விமானத்துக்கு அடியிலேயே வருகின்றன. கடாரம் மட்டும் இடப்பக்கம் இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. அக்காலத்துக் கலங்கள் பருவக்காற்று திரும்பும்வரை துறைமுகத்தில் மாதக்கணக்கில் காத்திருந்த வழி இது.

போகும் நேரமும் வரும் நேரமும் ஏன் ஒன்றாக இருப்பதில்லை?

காற்றினால்தான். ஆனால் இணையத்தில் பலர் எழுதுவதுபோல 'கிழக்கே போனால் சீக்கிரம், மேற்கே வந்தால் தாமதம்' என்ற பொதுவிதி இங்கே பொருந்தாது. ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் மேலே மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் ஜெட் ஸ்ட்ரீம் எனப்படும் மேல்வானக் காற்றோட்டத்தை வைத்துச் சொன்ன விதி அது. நம் தென்னிந்தியாவுக்கு மேலே, தென்மேற்குப் பருவமழை மாதங்களான ஜூன் முதல் செப்டம்பர் வரை, நேரெதிரான ஒரு காற்றோட்டம் இருக்கிறது. தரையில் காற்று தென்மேற்கிலிருந்து வீசிக்கொண்டிருக்க, விமானங்கள் பறக்கும் உயரத்திலும் அதற்கு மேலும் கிழக்கிலிருந்து மேற்கே வலுவான காற்று ஓடும். இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம் 1958-இல் வெளியிட்ட ஆய்வில் இதை விவரித்தார்; பின்னாளில் அவர் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைவராகவும் இருந்தார்.

ஆகவே ஆடி மாதத்தில் சிங்கப்பூர் போகும் விமானம் எதிர்க்காற்றில் போகிறது. திரும்பி வருவது காற்றோடு வருகிறது. எவ்வளவு வித்தியாசம் வரும்? வழி முழுக்கச் சராசரியாக மணிக்கு 50 கிலோமீட்டர் காற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 830 கிலோமீட்டர் வேகம் போகும்போது 780 ஆகக் குறையும், வரும்போது 880 ஆகக் கூடும். போவதற்கு 3 மணி 45 நிமிடமும் வருவதற்கு 3 மணி 20 நிமிடமும் ஆகும். இருபத்தைந்து நிமிடத்தைக் காற்றே எடுத்துக்கொள்கிறது, காற்றே கொடுக்கிறது. மார்கழி, தை மாதங்களில் இந்தக் கிழக்குக் காற்று ஓய்ந்துவிடுவதால் இரண்டு திசைக்கும் நேரம் கிட்டத்தட்ட நெருங்கிவரும்.

எந்தக் காலத்தில் தாமதம் அதிகம் எதிர்பார்க்கலாம்?

மூன்று இடங்களில் கவனம் வேண்டும்.

முதலாவது சிங்கப்பூர்ப் பக்கம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை, இரவில் சுமத்ராவிலும் மலாக்கா நீரிணையிலும் திரளும் இடிமழைக் கோடுகள் கிழக்கே நகர்ந்து, விடியற்காலையிலும் முற்பகலிலும் சிங்கப்பூரைக் கடந்துபோகும். 'சுமத்ரா ஸ்குவால்ஸ்' என்று வானிலையாளர்கள் இவற்றைச் சொல்கிறார்கள். ஒன்றிரண்டு மணி நேரம் பலத்த காற்றும் மழையுமாக அடித்துவிட்டு ஓய்ந்துவிடும். தமிழ்நாட்டிலிருந்து இரவில் கிளம்பும் விமானங்கள் போய்ச் சேர்வதும் அதே விடியற்காலைதான். மழைக்கோடு சாங்கியின் மேல் நிற்கும்போது விமானங்கள் வானில் வட்டமடித்துக் காத்திருக்கும். சாங்கியில் இறங்கி ஒன்றரை மணி நேரத்தில் ஆஸ்திரேலியாவுக்கோ ஜப்பானுக்கோ வேறு விமானம் பிடிக்கவேண்டியவர்கள், அதுவும் இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால், இந்த மாதங்களில் இடைவெளியைக் கூட்டிக்கொள்வது நல்லது.

இரண்டாவது நம் பக்கம், ஐப்பசி முதல் மார்கழி வரை. வங்கக்கடலில் புயல் சின்னம் இருந்தால் விமானம் அதைச் சுற்றிப் போகும். அதில் கொஞ்ச நேரம்தான் கூடும். சென்னையே நனையும்போதுதான் தொல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனம்பாக்கம் ஓடுபாதை நீரில் மூழ்கிப் பல நாட்கள் மூடிக்கிடந்தது. 2016-இல் வர்தா, 2023-இல் மிக்ஜாம், 2024-இல் ஃபெஞ்சல் புயல்களின்போதும் விமான நிலையம் மூடப்பட்டது. புயல் எச்சரிக்கை வந்த பிறகு டிக்கெட்டை மாற்ற எல்லோரும் ஒரே நேரத்தில் போன் செய்வார்கள். முதல் நாளே செய்கிறவர்களுக்கு இடம் கிடைக்கும்.

மூன்றாவது ஒரே ஒரு நாள்: போகி. அன்று விடியற்காலை சென்னை முழுக்கப் பழையன எரிக்கும் புகை பனியோடு கலந்து தரையோடு படிந்துவிடும். 2018 போகியன்று ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் புகை சூழ்ந்து, ஏராளமான விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. பொங்கலுக்கு ஊர் வருகிறவர்கள் போகி விடியலில் இறங்கும் விமானத்தைத் தவிர்த்து, முந்தைய நாளே வந்துவிடுவது உத்தமம்.

திருச்சி, மதுரை தெற்கே இருப்பதால் அங்கிருந்து சிங்கப்பூர் இன்னும் பக்கமா?

தோற்றத்துக்கு அப்படித்தான் படும். ஆனால் சிங்கப்பூர் நமக்குத் தெற்கே இருப்பதைவிடக் கிழக்கேதான் அதிகம் தள்ளியிருக்கிறது; சென்னை தமிழ்நாட்டின் கிழக்கு விளிம்பில் இருப்பதால் அதற்குத்தான் தொலைவு குறைவு. திருச்சியிலிருந்து சுமார் 2,980 கிலோமீட்டர், மதுரையிலிருந்து சுமார் 3,015, கோவையிலிருந்து சுமார் 3,160. கொழும்பு மட்டுமே உண்மையில் பக்கம். அதன் விமான நிலையமான கட்டுநாயக்கவிலிருந்து சாங்கிக்கு ஏறத்தாழ 2,750 கிலோமீட்டர்தான்.

சிங்கப்பூர்த் தொலைவில் திருச்சிக்கும் சென்னைக்கும் உள்ள 60 கிலோமீட்டர் வித்தியாசம் வானில் நாலைந்து நிமிடப் பறப்பு. தரையிலோ திருச்சியிலிருந்து மீனம்பாக்கம் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாத பேருந்துப் பயணம். ஆகையால் தஞ்சை, புதுக்கோட்டை, திருவாரூர், பெரம்பலூர் பக்கத்துக்காரர்கள் வானத்துக் கணக்கை விட்டுவிட்டுத் தரைக் கணக்கைப் பார்த்துத் திருச்சியிலேயே ஏறுவதுதான் அறிவுடைமை. நான் திருச்சிக்காரன் என்பதற்காகச் சொல்லவில்லை.

கோலாலம்பூர் அல்லது கொழும்பு வழியாகப் போனால் எவ்வளவு தூரம் கூடும்?

கோலாலம்பூர் கிட்டத்தட்ட நேர்வழியிலேயே இருக்கிறது. சென்னையிலிருந்து அங்கே 2,630 கிலோமீட்டர், அங்கிருந்து சாங்கி 300 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இரண்டையும் கூட்டினால் நேரடித் தொலைவைவிட ஐந்து கிலோமீட்டர்கூட அதிகம் வராது. கொழும்பு வழியாகப் போனால் 650-ம் 2,750-ம் சேர்ந்து 3,400 ஆகிறது.

தூரம் கூடாவிட்டாலும் நேரம் கூடுகிறது. இறங்கி, பாதுகாப்புச் சோதனை முடித்து, அடுத்த விமானத்துக்குக் காத்திருந்து, மறுபடி ஏறிப் போவதற்குள், கோலாலம்பூர் வழியில் மொத்தம் ஏழெட்டு மணி நேரம் ஆகிவிடும். கட்டண மிச்சம் கணிசமாக இருந்தால் இளைஞர்கள் இதைத் தேர்ந்தெடுக்கலாம். முழங்கால் வலி உள்ள பெற்றோரை இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்காக இந்த வழியில் அனுப்பச் சொல்லி என்னிடம் கேட்டால், நான் ஒருமுறையாவது தடுத்துச் சொல்லிப் பார்ப்பேன்.

கப்பலிலோ சாலையிலோ போகமுடியுமா?

இப்போது வழக்கமான பயணிகள் கப்பல் இல்லை. முன்பு இருந்தது. 1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா' என்ற கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று பல பத்தாண்டுகள் ஓடியது. அதன் பின் 'சிதம்பரம்' ஓடியது. துறைமுகங்களில் நின்று நின்று போய்ச் சேர ஒரு வாரம் ஆகும். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் இன்னும் பரண்மேல் கிடக்கும் தகரப் பெட்டிகளில் பல அந்தக் கப்பல்களில் வந்தவை.

சாலை வழி என்றால் மணிப்பூர், மியான்மர், தாய்லாந்து, மலேசியா என்று வானவழியின் இருமடங்குக்கும் மேலாகச் சுற்றவேண்டும். மியான்மரின் இன்றைய நிலையில் அதைத் திட்டமிடுவதில் பொருளில்லை.

வீட்டிலிருந்து வீடு வரை மொத்தம் எவ்வளவு நேரம் ஒதுக்கவேண்டும்?

பத்து மணி நேரம். சென்னை நகருக்குள்ளிருந்து மீனம்பாக்கம் வர ஒரு மணி. புறப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் முன்னதாக அங்கே இருப்பது. டிக்கெட் நேரம் நாலேகால் மணி. சாங்கியில் குடியேற்றச் சோதனைக்கும் பெட்டி வருவதற்கும் முக்கால் மணி முதல் ஒரு மணி. ஊருக்குள் போக இன்னொரு முக்கால் மணி முதல் ஒரு மணி. பறப்பது இதில் பாதிகூட இல்லை. செக்-இன் கவுன்ட்டரைப் பொதுவாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள் என்பதால், மிச்சப்படுத்த வேண்டுமானால் அங்கே மிச்சப்படுத்தாதீர்கள்.

மிச்சப்படுத்தக்கூடியது சிங்கப்பூர் வருகைப் பதிவில். வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் மின்னணு வருகை அட்டையை இலவசமாக நிரப்பிவிடலாம். இதற்கென்று பணம் கேட்கும் இணையதளங்கள் அரசாங்கத்துடையவை அல்ல. சாங்கியில் இறங்கி லிட்டில் இந்தியா போகிறவர்கள் விமான நிலைய ரயிலில் அடுத்த நிலையமான எக்ஸ்போவில் இறங்கி, டவுன்டவுன் வழித்தட ரயிலில் ஏறினால் வேறெங்கும் மாறாமல் போய்விடலாம். நள்ளிரவு தாண்டி இறங்கினால் ரயில் இருக்காது, டாக்சிதான்.

இரவு பத்து, பதினொரு மணிக்குச் சென்னையில் இறங்கி, அதே இரவில் தென்மாவட்டத்துக்குப் போகமுடியுமா?

முடியும். ஆனால் டிக்கெட்டில் போட்டிருக்கும் சேரும் நேரத்தோடு குறைந்தது ஒன்றரை மணி நேரத்தைச் சேர்த்துக்கொண்டு பேருந்துக்குப் பதிவு செய்யுங்கள். 9.40-க்கு இறங்கினால் 11.15-க்கு முன் எந்தப் பேருந்துக்கும் பதிவு செய்யவேண்டாம். தென்மாவட்ட அரசு விரைவுப் பேருந்துகள் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் நிலையத்திலிருந்து கிளம்புகின்றன. விமான நிலையத்திலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. சாலையிலேயே அது இருப்பதால், முன்போல வடக்கே கோயம்பேடு போய்த் திரும்பவேண்டிய அலைச்சல் இல்லை. நீண்ட நாள் கழித்து ஊருக்கு வருகிறவர்கள் இன்னும் பழக்கதோஷத்தில் ஆட்டோக்காரரிடம் கோயம்பேடு என்று சொல்லிவிடுகிறார்கள்.